பார்வை இல்லாதவருக்கு டச் போன் பழக்குவது: கானாடுகாத்தானில் நான் செய்கிற விதம்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். கண் நீர் அழுத்த நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. மகன் சிங்கப்பூரிலிருந்து நல்ல போன் ஒன்று அனுப்பினார். ஆறு மாதம் அது பீரோவிலேயே கிடந்தது. "இந்தக் கண்ணாடித் துண்டை வச்சு நான் என்ன ஆத்தா பண்றது? பழைய போன்ல அஞ்சு மேல ஒரு மேடாவது இருந்துச்சு" என்றார். நியாயமான கேள்வி. பொத்தான் போனில் 5 மேல் இருக்கும் அந்தச் சின்ன மேட்டைப் பிடித்துத்தான் நாங்கள் எல்லோரும் எண் போட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்கும் பார்வை இல்லை. மாலைக்கண் என்று ஆரம்பித்து, விழித்திரை நோய் என்று தெரிந்து, 31 வயதில் முழுதும் இருட்டாகிவிட்டது. கல்யாண வீடுகளுக்கு மணகோலம், சீப்புச்சீடை, தேன்குழல் போட்டுக் கொடுக்கிறேன். ஆர்டர், கணக்கு, பணம் எல்லாம் போனில்தான். ஐயாவுக்கு நான் பழக்கிய விதத்தை அப்படியே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது பார்வை குறைந்து வந்தால், முழுதும் போகும் வரை காத்திருக்காதீர்கள். கொஞ்சம் தெரியும்போதே ஆரம்பித்தால் விரல் சீக்கிரம் பழகும்.

முதல் வேலை பார்வை உள்ளவர் செய்ய வேண்டியது. ஆண்ட்ராய்டு போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதியின் பெயர் டாக்பேக். 2009இலிருந்தே இருக்கிறது, தனியாகக் காசு கிடையாது. ஐபோனில் அதே வேலையை வாய்ஸ்ஓவர் செய்கிறது. டாக்பேக்கை ஆன் செய்வதற்கு முன்னால் தமிழ்க் குரலை இறக்கி வையுங்கள். செட்டிங்ஸில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடினால் வரும். சில போன்களில் இரண்டு குரல் எஞ்சின் இருக்கும்; கூகுளுடையதைத் தேர்ந்தெடுத்து, மொழியில் தமிழை வைத்து, குரலை டவுன்லோடு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். பல பேர் இதைச் செய்யாமல் நேராக டாக்பேக்கைப் போட்டுவிடுகிறார்கள். அது இங்கிலீஷில் படபடவென்று பேசும், பெரியவர் பயந்துபோய் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்புறம் அவரை மறுபடி உட்கார வைப்பது கஷ்டம்.

சத்தத்தைக் கூட்டும், குறைக்கும் இரண்டு பொத்தானையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் டாக்பேக் வரும், மறுபடி அழுத்தினால் போகும். இந்தக் குறுக்குவழியைச் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் போட்டு வையுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள். டாக்பேக் ஓடும் போனை வழக்கம்போல் தடவினால் எதுவும் நகராது. "போன் கெட்டுப்போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இனி விரல் பழக்கம். இதற்கு மட்டும் நிறைய நேரம் கொடுங்கள். ஐயாவைத் திண்ணையில் உட்கார வைத்து, மடித்த துண்டின் மேல் போனை வைத்தேன். கையில் பிடித்தால் பிடிக்கிற விரலும் திரையில் பட்டுக் குழப்பும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டேன். நான் பழகிய காலத்தில் ராத்திரி பதினொரு மணிக்குத் தெரியாமல் சம்பந்தி வீட்டுக்குக் கால் போய், யாருக்கு என்ன ஆனதோ என்று அந்த வீடே பதறி எழுந்தது. அந்தப் பயம் வந்தால் விரல் முடங்கிவிடும்.

என் விரல் மேல் அவர் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னேன். தேன்குழல் அச்சை அமுக்குகிற அழுத்தம் வேண்டாம், மாவில் உப்புப் பார்க்கிற மாதிரி தொட்டால் போதும். தொட்டால் பெயர் சொல்லும். வலப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தால் அடுத்தது, இடப்பக்கம் இழுத்தால் முந்தையது. வேண்டியது வந்ததும் திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு தட்டு, திறந்துவிடும். முதல் நாள் இவ்வளவுதான். இரண்டாம் நாள் இரண்டு விரலால் மேலே, கீழே தள்ளுவது. மூன்றாம் நாள் வளைவு இழுப்புகள்: கீழே இறக்கி இடப்பக்கம் இழுத்தால் முந்தைய பக்கம், மேலே ஏற்றி இடப்பக்கம் இழுத்தால் முகப்புத் திரை. கீழே இறக்கி வலப்பக்கம் இழுத்தால் டாக்பேக்கின் பட்டியல் வரும். அதைச் சொன்னதும் ஐயா, "இது 'ட' இல்லையா! டாக்பேக்குக்கு 'ட' போட்டா சரி" என்றார். இப்போது எல்லோருக்கும் நான் அப்படியே சொல்லிக் கொடுக்கிறேன். அழைப்பு வந்தால் இரண்டு விரலால் இரண்டு தட்டு. எடுப்பதற்கும் வைப்பதற்கும் அதே தட்டுதான்.

பழக்குகிறவருக்கு ஒரு வேண்டுகோள். அவர் தடுமாறும்போது போனைப் பிடுங்கி நீங்களே செய்து கொடுக்காதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஐயா தன் தங்கை பெயரைத் தேடி எடுக்க முதல் தடவை இருபது நிமிடம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை. தங்கை எடுத்ததும், "நானே போட்டேன், நானேதான்" என்று இரண்டு தடவை சொன்னார்.

பணம். பூட்டு எண்ணோ யுபிஐ பின்னோ போடும்போது இயர்போன் மாட்டிக்கொள்ள வேண்டும், 'ட' பட்டியலில் போய்த் திரையை மறைத்துவிட வேண்டும். நமக்குக் குரல் கேட்கும், பக்கத்தில் நிற்பவருக்குக் கறுப்புத் திரைதான் தெரியும். "பணம் போட்டுட்டேன் ஆச்சி" என்று யாராவது சொன்னால் பேங்க் மெசேஜை டாக்பேக் படிக்கும் வரை பலகார டப்பாவைக் கொடுக்காதீர்கள். ரொக்கத் தாளுக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. புதிய 100 ரூபாய் 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் அளவுக்கு ஒரு 100 ரூபாயைத் தனியாக வைத்துக்கொண்டு அதன் மேல் வைத்துப் பார்ப்பேன். இரண்டு ஓரத்திலும் சாய்ந்த மேட்டுக் கோடுகளும் உண்டு: 100க்கு நாலு, 200க்கு நாலு கோடும் நடுவில் இரண்டு வட்டமும், 500க்கு ஐந்து. கசங்கிய தாளில் கோடு தேய்ந்திருக்கும். ஒருவர் 500 என்று சொல்லி 200ஐக் கொடுத்துவிட்டுப் போனதும் அப்படி ஒரு தாளில்தான். அதற்குத்தான் ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் கொண்டுவந்த 'மணி' ஆப். கேமரா முன்னால் தாளைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இன்டர்நெட் வேண்டாம்.

பார்வை உள்ள சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்: கல்யாணப் பத்திரிகையையும் இரங்கல் செய்தியையும் வெறும் படமாக அனுப்பினால் எங்கள் போனுக்கு அது 'படம்', அவ்வளவுதான். கூகுள் லென்ஸில் காட்டிப் படிக்க வைக்கலாம், ஆனால் அலங்கார எழுத்தில் திணறும். படத்துக்குக் கீழே இரண்டு வரி டைப் செய்து போடுங்கள், யாருக்கு, எங்கே, எப்போது என்று. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம். பார்க்கத் தமிழாக இருக்கும், உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும். டாக்பேக் அதைத்தான் வாசிக்கும். எல்லா போனுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தில் அனுப்பினால் ஒரு தொல்லையும் இல்லை.

யூனிகோடில் படிக்க நிறைய இருக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கி, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்களை ஐயாவுக்குத் திறந்து கொடுத்தேன். காரைக்குடிக் கம்பன் விழாவுக்கு வருஷம் தவறாமல் போனவர் அவர். அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "சீர் பிரிக்காம வாசிக்குதே ஆத்தா, பாட்டைக் கொல்லுது" என்று வருத்தப்பட்டார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு காதில் இயர்போன். டாக்பேக் ஒரு வரி சொல்லும். அதை நிறுத்தி, அந்த வரியைத் தன் குரலில் ராகத்தோடு, பதம் பிரித்துச் சொல்வார். அந்தக் குரல்தான் இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது.

குழு பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. சுற்று ஊர்களில் பார்வை இல்லாதவர்கள் இருபத்தாறு பேர், எல்லாம் குரல் பதிவுதான். பேசுகிறவர் முதலில் தேதியையும் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். குரல் பதிவுக்குத் தலைப்பு கிடையாது, பின்னால் தேடும்போது அந்த முதல் வார்த்தைதான் அடையாளம். ரேஷன் கடையில் என்ன வந்திருக்கிறது, எந்த பஸ் நேரம் மாறியது, எந்தத் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்பது இரண்டு நிமிடத்துக்குள். அந்தப் பள்ளச் செய்தி எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று கைத்தடி பிடித்து நடந்தவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஐயாவின் பாட்டு, அதற்கு நேரக் கட்டுப்பாடு இல்லை.

பதிவு செய்யும்போது மைக் பொத்தானை இரண்டு தட்டுத் தட்டி இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் பேச வேண்டும், எடுத்தால் போய்விடும். டாக்பேக் பேசி முடிக்கும் வரை ஒரு மூச்சு பொறுங்கள், இல்லையென்றால் அதன் குரலும் சேர்ந்து பதிவாகும். செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று: வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்து பதிவு செய்யாதீர்கள். உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் தரை, மொழுமொழு சுவர், சொன்ன சொல் சுற்றிச் சுற்றி எதிரொலிக்கும். ஐயாவை எங்கள் வீட்டுச் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார வைத்தோம். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது.

பொத்தான் போன் மட்டும் வைத்திருப்பவர்களை விட்டுவிடக் கூடாது. சத்தீஸ்கரில் 2010இலிருந்து 'சிஜிநெட் ஸ்வரா'வில் காட்டு ஊர்க்காரர்கள் சாதாரண போனிலிருந்து ஓர் எண்ணுக்குப் பேசித் தங்கள் செய்தியைப் பதிவு செய்தார்கள்; மற்றவர்கள் அதே வழியில் கேட்டார்கள். எங்களுக்கு அந்த அளவு வசதி இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு என் போனிலிருந்து கான்பரன்ஸ் கால் போடுகிறேன். ஒரே அழைப்பில் ஐந்து பேர் வரை சேர்க்கலாம். ஒருவர் எடுத்ததும் 'ஆட் கால்', அடுத்தவர் எடுத்ததும் 'மெர்ஜ்'. அரியக்குடிப் பாட்டிக்கு முதலில் போடுவேன், அடுப்படியிலிருந்து சுவரைப் பிடித்து வந்து எடுக்க அவருக்கு நேரமாகும். அன்றைய செய்தியை நான் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டு, "உங்க பக்கம் என்ன?" என்று கேட்பேன். பாட்டி கடைசியில்தான் பேசுவார், அதிகம் பேசுவதும் அவர்தான்.