‘பேஷன்’ (passion) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

இண்டர்வியூவில் பிடித்த விஷயம் எது என்று கேட்டால் நம்மில் பலர் சட்டென்று சொல்வது, ‘ஐ ஆம் ஹேவிங் பேஷன் ஆன் மியூசிக்’. ‘பேஷன்’ என்றால் இங்கே தீராத ஆர்வம். கேட்பவருக்குப் புரிந்துவிடும், ஆனாலும் காதில் உறுத்தும். ஒன்றொன்றாகச் சரிசெய்வோம்.

முதலில் உச்சரிப்பு. துணிமணி விஷயத்தையும் தமிழில் ‘பேஷன்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். துணிக்கு ‘ஃபேஷன்’, மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். ஆர்வத்துக்கு ‘பேஷன்’, இரண்டு உதடும் ஒட்டிப் பிரிய வேண்டும்.

அடுத்து பெயர்ச்சொல்: ‘ஹேவ் எ பேஷன் ஃபார்’. ‘ஷீ ஹேஸ் எ பேஷன் ஃபார் டீச்சிங்.’ நடுவில் இருக்கும் அந்தக் குட்டி ‘எ’ முக்கியம், ‘ஹேவிங்’ வேண்டாம். ‘ஆன்’ நம் வாயில் வருவதற்குக் காரணம் தமிழ்தான். ‘இசை மேல் ஆசை’ என்று யோசித்துவிட்டு அந்த ‘மேல்’-ஐ அப்படியே தூக்கிக்கொண்டு போகிறோம்.

மூன்றாவது, ‘பேஷனேட் அபவுட்’. ‘ஐ ஆம் பேஷனேட் அபவுட் குக்கிங்.’ இங்கே ‘டு குக்’ வராது. ‘ஐ ஆம் பேஷன் அபவுட்’ என்பதும் தப்பு, ஏனென்றால் அப்படிச் சொன்னால் நீங்களே ஆர்வம் என்று ஆகிவிடும்!

முன்னால் வரும் வினைச்சொற்களில் ‘ஃபாலோ’, ‘பர்ஸ்யூ’, ‘ஷேர்’ மூன்றும் போதும். இருவருக்கும் சினிமா பிடிக்குமென்றால் ‘வி ஷேர் எ பேஷன் ஃபார் சினிமா’.

இப்போது எனக்குப் பிடித்த இடம். ‘ஐ ஹேட் உப்புமா வித் எ பேஷன்’ என்றால் உப்புமா அறவே பிடிக்காது என்று அர்த்தம். ‘பேஷன்ஸ் ரேன் ஹை’ என்றால் கூட்டத்தில் உணர்ச்சி கொதித்தது. ‘கிரைம் ஆஃப் பேஷன்’ என்பது பொறாமையிலோ கோபத்திலோ அந்த நொடியில் செய்த குற்றம். ஆர்வத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், லத்தீன் வேரிலேயே இந்தச் சொல்லுக்குத் துன்பப்படுதல் என்றுதான் பொருள்; அதிலிருந்துதான் ஆளை ஆட்டிவைக்கும் உணர்ச்சி, தீராத ஆர்வம் என்றெல்லாம் விரிந்தது. இயேசுவின் பாடுகளுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். பேஷன் ஃப்ரூட் என்ற பழத்தின் பெயரும் இதிலிருந்து வந்ததுதான்; அதன் கொடியின் பூவில் இயேசுவின் முள்முடியையும் ஆணிகளையும் பாதிரியார்கள் கண்டார்கள். கொடைக்கானலில் தாட்பூட் பழம், இலங்கையில் கொடித்தோடை என்பார்களே, அதேதான்.

கடைசியாக அளவு. சும்மா பிடிக்கும் என்பதற்கெல்லாம் பேஷன் வேண்டாம், கனமான சொல். ‘ஐ ஆம் கீன் ஆன் செஸ்’ போதும், ‘ஆன்’ போட்டே தீருவேன் என்பவர்களுக்கும் இது வசதி. சினிமா பைத்தியம் என்றால் ‘கிரேஸி அபவுட் சினிமா’.

சரி, உங்களுக்குப் பிடித்த ஒரே விஷயத்தை ‘பேஷன் ஃபார்’, ‘பேஷனேட் அபவுட்’, ‘கீன் ஆன்’ மூன்றிலும் எழுதி, சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.