வலி டாக்டரைப் பார்க்கும் முன் பாலிசியைக் கையில் எடுங்கள்

என் வீட்டுக்காரர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. 2023 டிசம்பரில் இடுப்பில் பிடித்த வலி, இடது தொடை, கெண்டைக்கால் என்று இறங்கிக் கட்டைவிரல் வரை போய்விட்டது. மாத்திரையிலும் பிசியோதெரபியிலும் இரண்டு மாதம் ஓடியது. எம்ஆர்ஐ எடுத்ததில், இடுப்புத் தண்டில் நான்காவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. எலும்பு டாக்டர், "ஆபரேஷனுக்கு அவசரம் இல்லைம்மா. வலிக்கென்றே சிகிச்சை தரும் வலி டாக்டரிடம் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்றார்.

இரவெல்லாம் தூங்காமல் புரளும் மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியைப் பிரித்துப் படிக்கவா தோன்றும்? மறுநாள் மாலையே மதுரையில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். முதுகுத்தண்டு நரம்புக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டு, ஒரு மணி நேரம் படுக்க வைத்து அனுப்பினார்கள். 18,000 ரூபாய். வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் க்ளெய்ம் இரண்டே வரியில் திரும்பி வந்தது: இது வெளிநோயாளி சிகிச்சை, உங்கள் பாலிசியில் இதற்கு இடமில்லை. 2019இலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் பிரீமியம் கட்டியவர்கள் நாங்கள்.

ஏழு மாதம் கழித்து வலி திரும்பியது. இந்தத் தடவை எல்லாம் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு போனோம். 32,000 ரூபாய் பில்லில் 29,400 ரூபாயை இன்சூரன்ஸ் கம்பெனி நேரடியாக மருத்துவமனைக்குக் கட்டியது. நோய் அதே நோய், ஊசியும் அதே ஊசிதான்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஊசி எங்கே, எப்படிப் போடப்படுகிறது என்பதுதான். சாதாரணப் பாலிசிக்கு 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும். அதற்கு விலக்குதான் 'டே கேர்'. மருத்துவமனையிலோ டே கேர் மையத்திலோ, மயக்க மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ கொடுத்துச் செய்வது. முன்பு ஒரு நாளுக்கு மேல் படுக்க வேண்டியிருந்து, இப்போது தொழில்நுட்பத்தால் சீக்கிரம் முடிவது. பாலிசியில் இருக்கும் இந்த டே கேர் விளக்கத்தின் கடைசியில் இன்னொரு வரி இருக்கும்: வழக்கமாக வெளிநோயாளியாகச் செய்கிற சிகிச்சை இதில் சேராது. வலி ஊசிகள் மாட்டிக்கொள்வது இந்த வரியில்தான். 'அனைத்து டே கேர் சிகிச்சைகளும் உண்டு' என்று விளம்பரத்தில் இருந்தாலும் இந்த விளக்கத்துக்கு உட்பட்டுத்தான். அதனால் "முதுகு வலி சிகிச்சைக்குப் பணம் வருமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். போனில் "வரும்" என்று சொல்லிவிடுவார்கள். டாக்டரிடம் சிகிச்சையின் பெயரை எழுதி வாங்குங்கள்: எபிடூரல் ஸ்டீராய்டு ஊசியா, நரம்பு வேர் பிளாக்கா, ரேடியோ அலையால் நரம்பைச் சுடுவதா. அந்தப் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் போட்டுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது இடம். ஒரே டாக்டர் காலையில் பெரிய மருத்துவமனையிலும் மாலையில் சொந்த கிளினிக்கிலும் பார்ப்பார். கம்பெனியின் பட்டியலில் இருப்பது மருத்துவமனை மட்டும்தான் என்றால் கிளினிக்கில் கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே நேரடியாகப் பில்லைக் கட்டும் வசதி, கிடையாது. நாங்கள் முதல் தடவை தவறியது இங்கேதான். ஆலோசனைக்கு எங்கே வேண்டுமானாலும் போங்கள். ஊசியை எங்கே போடுவார் என்று மட்டும் கேளுங்கள். ஊசி போகும் இடத்தைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே வைத்து ஆபரேஷன் தியேட்டரில்தான் போட வேண்டும் என்று டாக்டர் கருதினால், அதைக் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தேவையில்லாமல் ஒரு ராத்திரி படுக்க வைத்து 'அட்மிஷன்' காட்டச் சொல்லி டாக்டரைக் கேட்காதீர்கள். எங்களுக்கும் ஒருவர் அந்த யோசனை சொன்னார். அது மோசடி. பிடிபட்டால் க்ளெய்ம் மட்டும் போகாது, பாலிசியையே ரத்து செய்ய முடியும்.

காத்திருப்புக் காலத்தையும் பாருங்கள். புதுப் பாலிசியில் விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. டிஸ்க், மூட்டு தேய்மானம் போன்றவற்றைப் பல பாலிசிகள் பெயர் சொல்லி 24 மாதம் தள்ளி வைக்கின்றன. பாலிசி எடுக்கும்முன்பே இருந்த நோய் என்றால் அதிகபட்சம் 36 மாதம். 2024க்கு முன் இது 48 ஆக இருந்தது. பிள்ளைகள் வேலை செய்யும் இடத்துக் குழுக் காப்பீட்டில் அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தால் அதை முதலில் விசாரியுங்கள். பல குழுப் பாலிசிகளில் இந்தக் காத்திருப்பே இருக்காது.

நிறையப் பேருடைய க்ளெய்மைக் கெடுப்பது டாக்டரிடம் வாய் தவறிச் சொல்லும் ஒரு வார்த்தை. "எத்தனை நாளா வலி?" என்று கேட்பார். நம் வாயில் வருவது, "அது ரொம்ப வருஷமா இருக்கு சார், ஒரு பத்து வருஷம் இருக்கும்." எப்போதோ மூட்டை தூக்கிப் பிடித்த பிடிப்பையும் நேற்றைய நரம்பு வலியையும் ஒன்றாகக் கோத்துச் சொல்வோம். அவர் கேஸ் ஷீட்டில் 'பத்து வருட முதுகு வலி' என்று எழுதுவார். கம்பெனி அதைப் படித்து, பாலிசிக்கு முன்பே இருந்த நோய், மறைத்துவிட்டார்கள் என்று சொல்லும். பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையைத் தேதியோடு சொல்லுங்கள். காலுக்கு இறங்கும் வலி எந்த மாதம் தொடங்கியது, முதலில் எந்த டாக்டரைப் பார்த்தோம், என்ன மாத்திரை, எத்தனை நாள் பிசியோ என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். டாக்டர் அதைப் பார்த்தே எழுதினார். 'மாத்திரையும் பிசியோவும் செய்தும் குறையவில்லை' என்ற ஒரு வரி கடிதத்தில் இருப்பது, ஊசி ஏன் அவசியம் என்பதற்குப் பலமான ஆதாரம். உண்மையிலேயே பழைய நோய் இருந்தால் பாலிசி எடுக்கும்போதே எழுதிவிடுங்கள். மறைத்தது இல்லையென்றால் 36 மாதத்துக்குப் பிறகு தைரியமாகக் கேட்கலாம்.

எம்ஆர்ஐ பில்லிலும் எனக்கு ஒரு பாடம். அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவு எங்கள் பாலிசியில் உண்டு. இரண்டாவது தடவை ஸ்கேன் எடுத்து 41ஆம் நாள்தான் ஊசி போட்டோம். 6,500 ரூபாய் கைக்காசு. சில பாலிசிகளில் 60 நாள் இருக்கும். எண்ணிப் பார்த்துத் தேதி குறியுங்கள். வெறும் ஸ்கேனுக்காக அட்மிட் ஆனாலும் பணம் வராது.

தேதி குறித்ததும் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேசைக்குப் போய் முன்அனுமதிப் படிவத்தைக் கேளுங்கள். அவசரமில்லாத சிகிச்சைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்பச் சொல்வார்கள். காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்குக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம். அனுமதி எத்தனை நாளுக்குச் செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை ஏற்றும் என்பதால், அளவு குறையட்டும் என்று டாக்டர் ஒரு வாரம் தள்ளிவைத்தார். அனுமதியின் கெடு முடிந்து மறுபடி எழுத வேண்டிவந்தது.

கேஷ்லெஸ் மறுத்தால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பணம் கட்டிவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், ரசீது, ஸ்கேன் அறிக்கை வைத்துப் பிறகு கேட்கலாம். ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்து வையுங்கள். கையுறை, பதிவுக் கட்டணம் மாதிரியானவை கழியும். எங்களுக்குப் போன 2,600 அதுதான்.

அதையும் மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

தனியார் பாலிசியே இல்லாதவர்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அதில் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு மட்டும்தான் பணம். அட்டை இருக்கிறதென்று நேராகப் போய்ப் படுக்காமல், மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடம் டாக்டர் எழுதிய சிகிச்சைப் பெயரைக் காட்டிக் கேளுங்கள். பட்டியலில் இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மயக்கவியல் துறையில் விசாரியுங்கள். சில ஊர்களில் வலிக்கென்றே அவர்கள் தனி ஓபி நடத்துகிறார்கள்.