அழைப்பிதழில் ஆண்டு போடும் முன்

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பத்தொன்பது வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். தை பிறந்துவிட்டால் கும்பாபிஷேகப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும்தான் வேலை. அதில் முக்கால்வாசிக்குத் தல வரலாறு இருக்கும். தல வரலாறு என்றால் ஒரு பழைய ஆண்டும் இருக்கும். அதைத் தப்பாக அடித்துவிட்டால் ஊரே அந்தத் தப்பைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருக்கும். பத்திரிகை அடிக்கிறவர்களும் மேட்டர் எழுதித் தருகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று, நான் கற்றதை எழுதுகிறேன்.

அரூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த மேட்டரில் “சகாப்தம் 1450, சர்வதாரி வருடம்” என்று கல்வெட்டைப் பார்த்து எழுதியிருந்தார்கள். வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று நானே “கி.பி. 1450” என்று மாற்றி ஆயிரத்து ஐந்நூறு பிரதி ஓட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த ஊரிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். “ஏம்மா, சர்வதாரியை எங்கே விட்டே?” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரூஃப் தாளின் பின்பக்கம் பேனாவால் போட்டுக் காட்டினார்.

சகாப்தம் என்பது கி.பி. 78-இல் தொடங்கும் கணக்கு. சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் கி.பி. வரும். 1450-உடன் 78 சேர்த்தால் 1528. சரியா என்று பார்க்க அவர் சர்வதாரியைப் பிடித்தார். அறுபது வருடப் பெயர்களில் அது 22-ஆவது. முதல் பெயரான பிரபவ 1987-இல் பிறந்தது, அப்படியானால் சர்வதாரி 2008. அதிலிருந்து அறுபது அறுபதாகக் கழித்துக்கொண்டே போனார்: 1948, 1888, 1828... எட்டாவது முறை 1528-இல் வந்து நின்றது. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் சேர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை பிரதியையும் என் செலவிலேயே மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கல்லில் சக ஆண்டும் வருடப் பெயரும் சேர்ந்திருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. ஒரு வருடம் முன்பின்னாக வந்தால் பயப்பட வேண்டாம். முடிந்த ஆண்டைச் சொல்லும் கல்லும் உண்டு, நடக்கிற ஆண்டைச் சொல்லும் கல்லும் உண்டு. ஐந்து பத்து என்று விலகினால், எண்ணை யாரோ தப்பாக வாசித்திருக்கிறார்கள். படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். மாதத்தையும் கவனியுங்கள். தை, மாசி, பங்குனி என்று இருந்தால் ஆங்கில வருடம் அதற்குள் மாறியிருக்கும், அப்போது 79 கூட்ட வேண்டும். நம்ம தருமபுரியிலேயே நொளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துக் கல்வெட்டு சக ஆண்டு 815 என்கிறது. கூட்டினால் கி.பி. 893.

வருடப் பெயர் மட்டும் இருந்து வேறு எதுவும் இல்லை என்றால் ஆண்டு போடாதீர்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். எந்தச் சுற்று என்று அந்தப் பெயர் சொல்லாது.

கலியுக ஆண்டு என்றால் 3101-ஐக் கழிக்க வேண்டும். மதுரை ஆனைமலைக் கல்வெட்டில் கலி 3871 என்று வருகிறது, அதாவது கி.பி. 770. திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31-ஐக் கழித்தால் போதும்.

அடுத்தது ராஜாக்கள் கணக்கு. சோழர் கல்வெட்டில் சகாப்தம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அரசன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்றுதான் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ராஜராஜன் செப்புக் குடம் கொடுத்தது “யாண்டு இருபத்தைந்தாவது நாள் இருநூற்று எழுபத்தைந்தினால்” என்று வெட்டியிருக்கிறது. அவன் பட்டத்துக்கு வந்தது கி.பி. 985 நடுவில். 985-உடன் 25-ஐக் கூட்டி 1010 என்று எழுதிவிடுவார்கள். விடை சரி, போன வழி தப்பு. 985-இல் தொடங்குவதே முதலாம் ஆண்டு. அதனால் 24-ஐத்தான் கூட்ட வேண்டும், இருபத்தைந்தாவது ஆண்டு 1009 நடுவில் தொடங்குகிறது. அதிலிருந்து 275 நாள் என்றால் ஒன்பது மாதம், 1010-இன் முற்பகுதி. நாள் கணக்கு இருந்ததால்தான் 1010 வந்தது. நாள் சொல்லாத கல் என்றால் “கி.பி. 1009-10” என்று இரண்டு வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள். பாண்டியர் கல்வெட்டில் “இரண்டாவதின் எதிர் ஏழாவது” என்று வந்தால் இரண்டையும் கூட்டி ஒன்பதாவது ஆண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கி.மு.வில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்தச் சமயம் பர்கூர்ப் பையன் ஒருவன் ஃபிளெக்ஸுக்கு மேட்டர் கொண்டுவந்தான்: “2172 ஆண்டுகள் பழமையான இரும்பு!” நான் சொன்னேன், “தம்பி, பாதியை விட்டுட்டியே. கி.மு. 2172-ன்னா அதோட இந்த 2022-ஐயும் கூட்டணும்டா.” கூட்டினால் 4194. அதிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் கி.மு. 1 முடிந்ததும் நேராகக் கி.பி. 1, நடுவில் சுழியம் ஆண்டு கிடையாது. 4193 வருகிறது. ஆய்வகம் கொடுக்கும் காலத்திலேயே முன்பின் இடைவெளி இருப்பதால் ஃபிளெக்ஸில் “ஏறத்தாழ 4200 ஆண்டுகள்” என்று அடித்தோம். நம்ம மண்ணின் வயதில் இரண்டாயிரம் வருடத்தை நாமே குறைத்து எழுதுவது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆய்வகத் தாளில் “இன்றைக்கு முன்” இத்தனை ஆண்டு என்று இருந்தால், அந்த “இன்று” 1950. நீங்கள் வாசிக்கிற நாள் இல்லை.

நூற்றாண்டை ஆண்டு மாதிரி கழிக்கவே கூடாது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டு என்றால் 801 முதல் 900 வரை. அதனால்தான் 893 ஒன்பதாம் நூற்றாண்டு. கி.மு.வில் எண் இறங்கிக்கொண்டே வரும்: கி.மு. 3-ஆம் நூற்றாண்டு 300-இல் தொடங்கி 201-இல் முடியும். நம்ம ஊர் அதியமான் பற்றிய மேட்டரில் இது அடிக்கடி குழம்பும். அசோகர் கல்வெட்டில் வருவது அதியமான்களைக் குறிக்கும் “சத்தியபுத்திரர்” என்ற குலப்பெயர், கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-இல் கண்டுபிடித்த கல்வெட்டில்தான் “ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி” (அஞ்சி கொடுத்த குகை உறைவிடம்) என்று அதியமான் அஞ்சியின் பெயரே இருக்கிறது. அதை கி.பி. 1-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்து “இருநூறு வருட இடைவெளி” என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். கி.மு. 300-இலிருந்து கி.பி. 100 வரை எண்ணிப் பாருங்கள், 399 வருடம். குறைந்த பக்கம் எண்ணினால் 201. இந்த இரண்டுக்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே “சில நூற்றாண்டுகள் கழித்து” என்று மாற்றினேன். “அசோகர் கல்வெட்டிலேயே அஞ்சி பெயர் இருக்கிறது” என்ற வரியையும் அவரிடம் சொல்லி எடுத்துவிட்டேன்.

கடைசியாக, அடிக்கும் முறை. கல்லில் இருப்பதை அழித்துவிட்டுக் கி.பி.யை மட்டும் போடாதீர்கள். இப்போது நான் “சகாப்தம் 1450, சர்வதாரி (கி.பி. 1528-29)” என்று கல்லில் உள்ளதை முன்னாலும் நம் கணக்கைப் பின்னாலும் வைக்கிறேன். அந்தத் தமிழாசிரியர் மாதிரி ஒருவர் வாங்கிப் படித்தால், பேனாவை எடுத்துக் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்வார்.