வாய்வழி உறவும் பால்வினை நோயும்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வங்கிக் கணக்கு, வாடகை வீடு, ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு என்று எல்லாவற்றுக்கும் இங்கே ஆலோசனை சொல்ல நம்மவர்கள் இருக்கிறார்கள். பாலியல் நலம் என்று வந்தால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் "வாயால்தானே, ஒன்றும் ஆகாது" என்று நம்பியிருக்கும் பிள்ளைகள் இத்தனை பேர். கர்ப்பம் ஆகாது, உண்மை. ஆனால் நோய் தொற்றும்.

இங்கிலாந்தில் 2023இல் கொனோரியா என்ற பால்வினை நோயின் தொற்றுகள் 85,000க்கும் அதிகமாகப் பதிவாயின. 1918இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவே உச்சம். வாய்வழி உறவில் கொனோரியா, சிபிலிஸ், கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ், மரு உண்டாக்கும் எச்பிவி ஆகியவை தொற்றும். கிளமிடியா என்ற மற்றொரு பால்வினை நோய் இந்த வழியில் அவ்வளவாகத் தொற்றுவதில்லை. எல்லோரும் அஞ்சும் எச்ஐவி இந்த வழியில் பரவுவது மிக அரிது. வாயில் புண், ஈறில் இரத்தக்கசிவு இருந்தால் அபாயம் சற்றுக் கூடும்.

தொண்டையில் கொனோரியா இருந்தால் பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருக்காது. சிறுநீர்ப் பரிசோதனையிலும் அது தெரியாது. சிறுநீரை மட்டும் கொடுத்து, "ஒன்றுமில்லை" என்று பதில் வந்ததும் நிம்மதியாகிவிடுகிறவர்கள் உண்டு. ஆண்-பெண் உறவில் இருப்பவர்களுக்கு எல்லாக் கிளினிக்கிலும் தானாகத் தொண்டை ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுப்பதில்லை. ஆகவே "ஓரல் செக்ஸ் வைத்திருக்கிறேன், தொண்டையையும் பார்க்க வேண்டும்" என்று நீங்களே சொல்லுங்கள். நர்ஸ் முகம் சுளிக்க மாட்டார். நாள் முழுக்க அவர் கேட்பதே இதைத்தான். நீளமான பஞ்சுக்குச்சியை உள்நாக்கின் இரு பக்கமும் தொண்டையின் பின்பக்கமும் தேய்ப்பார்கள். ஓரிரு விநாடி குமட்டும், அவ்வளவுதான்.

என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் பாலியல் நல கிளினிக்குக்குப் போக ஜிபி கடிதம் தேவையில்லை. விசா எதுவானாலும், விசா இல்லாவிட்டாலும், பால்வினை நோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். உங்கள் சம்மதமின்றி ஜிபிக்கும் சொல்ல மாட்டார்கள். மொழி தடையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்கும் காசில்லை. நம் சமூகம் சிறியது, மொழிபெயர்க்கத் தெரிந்தவரே வந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. மொழிபெயர்ப்பாளரோடு தொலைபேசி வழியாகவே பேச விரும்புவதாகச் சொல்லுங்கள்.

உறவு கொண்ட மறுநாளே ஓடினால் பயனில்லை. கொனோரியா, கிளமிடியா தெரிய இரண்டு வாரமாகும். எச்ஐவிக்கு 45 நாள், சிபிலிஸுக்கு 12 வாரம் வரை. கொப்புளமோ புண்ணோ சீழோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

ஹெர்பிஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், குடும்பங்கள் உடைவதால். உதட்டோரம் வரும் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் பலருக்குச் சிறுவயதிலேயே, முத்தத்தால்கூட, வந்துவிடுகிறது. அது இருப்பதே தெரியாத கணவரிடமிருந்து வாய்வழி உறவில் மனைவியின் பிறப்புறுப்புக்குப் போகலாம். இருவரும் வேறு யாரையும் தொட்டிருக்க வேண்டியதில்லை. முடிவைப் பார்த்ததும் "யாரோடு போனாய்?" என்று கேட்காதீர்கள். உதட்டில் கொப்புளம் இருக்கும் நாட்களில் வாய்வழி உறவைத் தவிருங்கள்.

ஆணுறை போட்டால் அபாயம் நன்றாகக் குறையும். பெண்ணுக்கென்றால் டென்டல் டாம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பு இருக்கிறது. கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். உறவுக்குச் சற்று முன்பு அழுத்திப் பல் துலக்குவது ஈறைக் கிழிக்கும், வேண்டாம். மவுத்வாஷை நம்பாதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாட்டிக்கைத் தயவுசெய்து விழுங்காதீர்கள். கொனோரியா பல மருந்துகளுக்கு அடங்காமல் போய்விட்டது. இங்கே அதற்கு ஊசிதான் போடுகிறார்கள். நோய் போய்விட்டதா என்று உறுதி செய்ய மறுபடியும் ஒரு ஸ்வாப் எடுப்பார்கள், அதற்கும் போய் வாருங்கள். துணைக்கு நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், உங்கள் பெயர் இல்லாமல் கிளினிக்கே அவருக்குத் தகவல் அனுப்பும்.