வியாழனோடு சனி நின்றால்: கிரகச் சேர்க்கை பார்க்கப் பழகுவோருக்கு

“பிள்ளையின் சாதகத்தில் வியாழனும் சனியும் ஒரே வீட்டில் நிற்கிறதாம். கூடாதாம்.” வெள்ளவத்தையில் பொருத்தம் பேசும் வீடுகளில் இந்தக் கவலையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த லக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்த ராசி எது? அதற்குப் பதில் வராதவரை சேர்க்கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாது.

ஒரு மாதிரிச் சாதகத்தை வைத்தே பழகுவோம். 2000 மே 28, மாலை 5.40, கொழும்பு. வியாழனும் சனியும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடுகின்றன. அப்படிக் கூடிய நாள் அது. கணக்கு திருக்கணிதம், அதாவது வானில் கிரகம் நிற்கும் உண்மை நிலையைக் கணிக்கும் பஞ்சாங்க முறை. பழைய வாய்பாட்டின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கிற வீடென்றால் வாக்கியத்தையே கடைசிவரை பாருங்கள். இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் கடிகாரம்

இந்தியாவில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. எங்களுக்கோ இதுதான் தலையாயது. மின்சார நெருக்கடி காரணமாக 1996 மே 25 அன்று இலங்கைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அதில் அரை மணி குறைத்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே இருந்தது. ஆகவே வைத்தியசாலைத் துண்டில் 5.40 என்று இருந்தால், பழைய நேரப்படி அது 5.10.

அரை மணியில் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? செயலியில் 5.30 நேர வலயத்தைப் போட்டு 5.40 என்று கொடுத்தால் விருச்சிக லக்கினம் வரும். திருத்திக் கொடுத்தால் துலாம். வியாழனும் சனியும் நிற்பது மேட ராசியில். துலாத்துக்கு அது ஏழாம் வீடு, திருமணம். விருச்சிகத்துக்கு ஆறாம் வீடு, நோயும் கடனும் பகையும். நானும் பழகத் தொடங்கிய காலத்தில் ஒரு சொந்தக்காரப் பிள்ளைக்கு இந்தத் தவறைச் செய்து, கடனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன்.

கட்டத்தை விட்டுப் பாகைக்கு வாருங்கள்

ஒரே கட்டத்தில் இருப்பதெல்லாம் ஒரே அளவான சேர்க்கை அல்ல. ஒரு கட்டம் 30 பாகை. 2 பாகையில் ஒன்றும் 28 பாகையில் ஒன்றும் நின்றால் ஒரே வீட்டின் இரண்டு மூலைகளில் இருப்பவர்கள் மாதிரி. நம் சாதகத்தில் வியாழனும் சனியும் 28 பாகையைத் தாண்டி, தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கார்த்திகை நட்சத்திரத்தின் முதற் பாதம். ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டத்திலும் இரண்டும் தனுவில் ஒன்றாகவே விழும். அது வியாழனின் சொந்த வீடு.

ஒரு பாகைக்குள் இப்படி நெருங்கினால் கிரக யுத்தம் என்பார்கள். செவ்வாய், புதன், வியாழன், சுக்கிரன், சனி ஆகிய ஐந்துக்கு மட்டுமே யுத்தம் உண்டு. வடக்கே நிற்பது வென்றதாகக் கொள்வது வழக்கம். அன்று வடக்கே நின்றது வியாழன். சனியோ மேடத்தில் நீசம் வேறு, அதாவது பலமிழந்த நிலை.

இடபத்தையும் பாருங்கள். சூரியன் 13 பாகையில், சுக்கிரன் 10 அளவில், செவ்வாய் 23 அளவில். சூரியனுக்கு 10 பாகைக்குள் வந்த சுக்கிரனும் 17 பாகைக்குள் வந்த செவ்வாயும் அஸ்தங்கம், அதாவது சூரிய ஒளியில் மறைந்தவை. துலா லக்கினத்துக்கு அதிபதியே சுக்கிரன். சொந்த வீட்டில் இருந்தும் ஒளி மங்கி, எட்டாம் இடத்தில் நிற்கிறது. வியாழன், சனி சேர்க்கைக்குப் பயப்படும் தாய்மார் இந்தக் கட்டத்தைக் கவனிப்பதே இல்லை.

யார் எந்த வீட்டுக்காரர்?

துலாத்துக்குச் சனி 4, 5 ஆம் வீட்டுக்காரர், யோககாரகர், அதாவது இந்த லக்கினத்துக்குப் பெரிதும் நல்லது செய்பவர். வியாழன் 3, 6 ஆம் வீட்டுக்காரர். “வியாழன் சுபர், சனி பாவி” என்று மனப்பாடம் செய்தது இங்கே தலைகீழாகிறது: நல்லது செய்ய வேண்டியவர் நீசப்பட்டுத் தோற்று நிற்கிறார், வென்றவர் ஆறாம் வீட்டைக் கூட்டிக்கொண்டு ஏழில் வந்திருக்கிறார். மேடத்தின் அதிபதியாக இடம் கொடுத்த செவ்வாயாவது கேந்திரத்தில் (1, 4, 7, 10 ஆம் இடங்களில்) இருந்தால் நீசபங்கம், அதாவது நீசம் நீங்கியது என்று பேசலாம். லக்கினத்துக்கு எட்டில், மீனத்துச் சந்திரனுக்கு மூன்றில் நிற்கிறது. அந்த வழியும் அடைபட்டது. ஏழில் சனி என்றால் திருமணம் தாமதம் என்பது பொது விதி. இந்தச் சாதகத்தில் நானும் அதையே சொல்வேன். தாமதம் என்றுதான் சொல்வேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எப்போது?

ஒரு கிரகம் ஆளும் காலம் திசை, அதன் உட்பிரிவு புத்தி. சேர்ந்த கிரகங்களின் திசை புத்தியில்தான் சேர்க்கை வாய் திறக்கும். சந்திரன் உத்தரட்டாதியில், பிறந்ததே சனி திசையில். அதில் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் மிச்சம். அந்தத் திசையின் கடைசிப் புத்தி வியாழனுடையது. அது பதினொரு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில் வந்து போய்விட்டது. அப்போது வீட்டிலும் படிப்பிலும் என்ன நடந்தது என்று தாயிடம் கேளுங்கள். பலன் சொல்லுமுன் நடந்ததைக் கேட்பது குறைச்சல் அல்ல.

வியாழ திசை என்று தனியே வர அந்தப் பிள்ளைக்கு நூறு வயதை நெருங்கும். ஆகவே சனி திசைக்கு அடுத்து வரும் புதன் திசையின் கடைசி இரண்டு புத்திகளைக் குறித்து வையுங்கள்: வியாழன், அடுத்துச் சனி. ஏறத்தாழ 2026 தொடக்கத்திலிருந்து 2031 வரை. பொருத்தம் பார்க்க வந்தவர்களிடம் கொப்பியில் விரல் வைத்துக் காட்ட வேண்டிய இடம் அதுதான்.