பலாலிக்கு ஒரு ஜெட் பிடிப்பது எப்படி?

"தம்பி, சென்னையிலயிருந்து பலாலிக்கு ஒரு ஜெட் பிடிச்சா எவ்வளவு முடியும்?" கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் போனில் கேட்டார். பலாலி, யாழ்ப்பாணத்தின் விமான நிலையம். கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் 8 பேரைக் கூட்டிவர வேண்டுமாம். "அண்ணை, கலியாணத்துக்கு வான் பிடிச்சிருக்கிறீங்கள்தானே? பாதி விஷயம் உங்களுக்குத் தெரியும்" என்றேன். மீதிப் பாதிதான் இந்தப் பதிவு.

படி 1: ஓடுபாதையைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் விமானத்தின் படத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இறங்கும் இடத்தை. பலாலி இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தளம். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். சென்னையிலிருந்து பயணிகளோடு வருவது ஏ.டி.ஆர். 72, அதாவது காற்றாடி சுழலும் ரகம்.

ஜெட் விற்பவரின் கையேட்டில் 'இவ்வளவு மீட்டர் போதும்' என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் கடல்மட்டத்தில், 15 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குப் போட்ட கணக்கு. யாழ்ப்பாணத்தில் 15 பாகையை யார் கண்டது? வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும், இறக்கையின் தூக்குவிசையும் எஞ்சினின் தள்ளுவிசையும் குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். இன்னொன்றும் உண்டு. வாடகைக்கு ஆள் ஏற்றும் ஜெட், ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நின்றுவிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. 1,500 மீட்டர் ஓடுபாதை என்றால் கணக்குக்குக் கிடைப்பது 900 மீட்டர்தான்.

படி 2: விமானத்தைத் தெரிவுசெய்யுங்கள்

சென்னைக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு ஜெட் மிச்சப்படுத்தும் நேரம், ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். பிலாட்டஸ் பிசி-12 மாதிரியான ஒற்றை எஞ்சின் டர்போபுரொப் (இதுவும் காற்றாடி சுழலும் ரகம்தான்) 9 பேர் வரை ஏற்றும், குட்டையான ஓடுபாதையும் அதற்குப் போதும். என்னைக் கேட்டால் அதுதான். ஆனால் 8 பேரோடு சீர்வரிசைப் பெட்டிகளும் வரும். ஆட்களின் நிறையையும் பெட்டிகளின் நிறையையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இருக்கை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்ற முடியாது.

படி 3: விலைச்சீட்டை வாசியுங்கள்

இங்கேதான் அண்ணை தடுமாறினார். விலை ஆளுக்கு இல்லை, முழு விமானத்துக்கும் மணிக்கணக்கில். அவர் போட்ட கணக்கு ஒரு மணித்தியாலம். வந்த சீட்டில் மூன்று. விமானம் நிற்பது பெங்களூரில். அது வெறுமையாகச் சென்னைக்கு வர வேண்டும், ஆட்களை ஏற்றிப் பலாலிக்குப் பறக்க வேண்டும், பிறகு வெறுமையாகப் பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். மூன்றுக்கும் காசு உங்களுடையது. கட்டுநாயக்காவில் ஆளை இறக்கிவிட்டு வான் வெறுமையாக யாழ்ப்பாணம் திரும்பினால் அந்த டீசலையும் நாம்தானே கொடுக்கிறோம்?

இதையே மறுபக்கமாகவும் பாருங்கள். அப்படி வெறுமையாகத் திரும்பும் பயணங்களை நிறுவனங்கள் மலிவாக விற்பதுண்டு. ஆனால் நாளும் நேரமும் அவர்கள் சொல்வதுதான், முதலில் வாடகைக்குப் பிடித்தவர் திட்டத்தை மாற்றினால் உங்கள் பயணமும் போச்சு. முகூர்த்தத்துக்கு இதை நம்பாதீர்கள்.

மணிக்கணக்குக்கு வெளியே தரையிறங்கும் கட்டணம், தரிப்பிடம், விமானிகளின் இரவுத் தங்கல், சாப்பாடு என்று தனித்தனியாக வரும். 'எல்லாம் சேர்த்து எவ்வளவு?' என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 4: பத்திரங்கள்

வாடகைக்கு ஆள் ஏற்ற, விமானத்தை இயக்கும் நிறுவனத்திடம் அரசு தரும் விமான இயக்குநர் சான்றிதழ் (AOC) இருக்க வேண்டும். சொந்தப் பாவனைக்கென்று வைத்திருக்கும் விமானத்தைத் தெரிந்தவர் 'பெற்றோல் காசைத் தாங்கோ' என்று தந்தால் ஏறாதீர்கள். விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும். வாலில் எழுதியிருக்கும் பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இலங்கை விமானம் 4ஆர் என்றும், இந்திய விமானம் வி.டி. என்றும் தொடங்கும். இரு நாட்டு அனுமதிகளையும் நிறுவனமே எடுக்கும். ஆனால் நீங்கள் வந்திறங்கும் நேரத்தில் பலாலியில் குடிவரவும் சுங்கமும் கடமையில் இருப்பார்களா என்று முன்கூட்டியே உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

வாங்கினால் என்ன?

அடுத்த கேள்வி அது. விமானம் பறக்காமல் நின்றாலும் விமானிகளின் சம்பளம், காப்புறுதி, தரிப்பிடம், நாட்கணக்கில் வரும் பராமரிப்பு எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். இடைவழி ஒன்று உண்டு: ஒரு விமானத்தில் பங்கு வாங்குவது. அமெரிக்காவின் நெட்ஜெட்ஸ் நிறுவனம் 1986இல் தொடங்கிய முறை. 16இல் ஒரு பங்கு எடுத்தால் ஆண்டுக்கு 50 மணித்தியாலம் பறக்கலாம். ஒரு கலியாணத்துக்கு விமானம் வாங்குவது, பால் தேத்தண்ணிக்கு மாடு வாங்குவது மாதிரி என்றேன். சிரித்துவிட்டு மூன்றாவது கேள்வியைப் போட்டார்.

நானே ஓட்டினால்?

ஓட்டலாம். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் குறைந்தது 40 மணிநேரப் பறப்பும் வேண்டும். ஆனால் அந்த உரிமத்தோடு காசு வாங்கி ஆள் ஏற்ற முடியாது. ஜெட் என்றால் முகிலுக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியும், அந்த ரக விமானத்துக்கான தனிப் பயிற்சியும் வேண்டும். இலங்கையில் பறக்கப் பழகுவோர் வழக்கமாகப் போவது கொழும்புக்கு அருகே இருக்கும் ரத்மலானை விமான நிலையத்துக்கு. பயிற்சிப் பள்ளிக்கு முற்பணம் கட்டுமுன் மருத்துவச் சான்றிதழை எடுத்துவிடுங்கள். அண்ணைக்கு 52 வயது, சீனி வருத்தம் வேறு. அவருக்கு அதைத்தான் முதலில் சொன்னேன்.