கரண்ட் இல்லாத குளிர் இரவில் விடக்கூடாத பிழைகள்

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால் வன்னியில் கரண்ட் நிற்பது புதிதல்ல. மரம் முறிந்து லைனில் விழும், தூண் சரியும், வெள்ளத்தைத் தாண்டி மின்சார சபை ஆட்கள் வந்து சேர நேரம் எடுக்கும். குளிரும் அந்த நாட்களில்தான் கூட. அதை விரட்ட அவசரத்தில் செய்கிற சில காரியங்கள் உயிரையே எடுத்துவிடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் மோசமானது, தணற்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது. சிரட்டைத் தணலை அள்ளி, வயதானவர்களின் கட்டிலடியிலும் பிள்ளை பெற்ற தாயின் அறையிலும் வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஓலை வேய்ந்த மண்வீட்டில் கூரையாலும் சுவர் இடைவெளியாலும் காற்று ஓடித் திரிந்தது. இப்போது இருப்பதோ சின்ன அறை, சீமெந்துச் சுவர், இறுக்கிச் சாத்தக்கூடிய யன்னல். போதாததற்கு யன்னல் இடுக்கில் துணியும் அடைத்துவிடுகிறோம்.

புகை வரவில்லைதானே என்று பலர் நம்பிவிடுகிறார்கள். புகையாமல் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்தும் காபன் மொனொக்சைட் தாராளமாக வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்ட வேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று, பிறகு அயர்ச்சி. நித்திரையில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது. ஒரே நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் தலையிடித்தால் தடிமன் என்று நினைக்க வேண்டாம். எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உறைபனிக் குளிரால் மின்னுற்பத்தி தடுமாறி, 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் வியாபார இடங்களும் இருண்டன. அரச கணக்கின்படி 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது குளிர். ஆனால் வெப்பத்துக்காக கராஜுக்குள் காரை ஓடவிட்டவர்களும், கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அங்கே பூச்சியத்துக்குக் கீழே போன குளிர், இங்கே 18, 19 பாகைக்கே நடுங்குகிறோம். ஆனால் மூடிய அறைக்குள் நெருப்பு செய்கிற வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சூடு காய வேண்டுமென்றால் அடுப்படியில், கதவைத் திறந்து வைத்துக் காயுங்கள். படுக்குமுன் தணலை வெளியே எடுத்து நூர்த்துவிடுங்கள். அறைக்குள் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைக்கலாம். வெறும் பாயைப் போட்டால் சீமெந்து நிலம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அடியில் சாக்கோ காட்போட்டோ விரியுங்கள். பச்சைக் குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து, முகத்தை மூடாமல் மேலே போர்த்தினால் அந்தச் சூடு போதும். குளிருக்கென்று சாராயம் குடிப்பதும் பிழை. தோலில் சூடு தெரியும், உடம்பின் உள்சூடோ வெளியே போய்விடும்.

ஜெனரேற்றரும் இதே வாயுவைத்தான் கக்கும். மழைக்காக அதை விறாந்தையில் வைத்து ஓடவிடாதீர்கள். வீட்டிலிருந்து 6 மீற்றராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி, நாற்புறமும் காற்றோட்டமாகத் தகரக் கூரை மட்டும் போட்டு வையுங்கள். ஆறாத இயந்திரத்தில் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம்.

இன்னொரு பழக்கம் எனக்குக் கோபத்தையே தருகிறது. இரண்டு பக்கமும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேற்றர் கரண்டைச் சுவர்ச் சொக்கட்டுக்குள் கொடுக்கிறார்கள். மெயின் சுவிட்சை நிறுத்த மறந்தால் அந்தக் கரண்ட் வெளி லைனுக்குப் போகும், டிரான்ஸ்போமரில் தலைகீழாக ஏறி உயரழுத்தமாக மாறும். கரண்ட் இல்லை என்று நம்பி மழைக்குள் தூணில் ஏறி நிற்கிற மனிதனைக் கொல்வதற்கு அது போதும். வெளி லைனும் ஜெனரேற்றரும் ஒரே நேரத்தில் வீட்டு வயரிங்கில் சேராமல் தடுக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டுவதற்கு உள்ள செலவை ஒரு உயிரோடு ஒப்பிடவே கூடாது. கூரையில் சோலார் பூட்டியவர்கள், கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடுகிறதே என்று குறைப்படுவதுண்டு. லைனோடு இணைத்த சோலார் அப்படி நிற்பதும் இதே காரணத்துக்காகத்தான். பற்றரி இருந்தால் மட்டுமே இரவுக்கு உதவும்.

கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒரு இரவே பெரிய நட்டம். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வரை சூடு தேவை, அதைக் கொடுப்பது பல்ப்தான். பல்ப் அணைந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், அடியில் அகப்பட்டவை மூச்சடைத்துச் சாகும். பலர் கரண்ட் போன பிறகுதான் சாக்குத் தேடுகிறார்கள். மழை தொடங்கும்போதே தகரத்தையோ காட்போட்டையோ வட்டமாக வளைத்து, மூலையே இல்லாமல் இடத்தைச் சுருக்குங்கள். காய்ந்த உமியைத் தடிப்பாகப் போட்டு, சாக்கில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல்களை நடுவில் வைத்து, ஆறுவதற்குள் மாற்றுங்கள். மேலே மூடினாலும் காற்றுக்கு இடைவெளி விட வேண்டும். விடாமல் கத்தினால் குளிர்கிறது. பரவிப் படுத்து அமைதியாக இருந்தால் சூடு சரி.

மாடு, ஆட்டுக்குக் கரண்ட் தேவையில்லை, காய்ந்த இடம் தேவை. 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான கால்நடைகள் குளிரில் செத்தன. திறந்த பட்டியில் நனைந்தபடி காற்றில் நிற்பதுதான் அவற்றை விழுத்தும். காற்று வரும் பக்கத்துக்காவது தறப்பாள் கட்டி, மேட்டு நிலத்துக்கு மாற்றி, வைக்கோலைத் தாராளமாகக் கொடுங்கள்.

கரண்ட் இருந்தும் அழுத்தம் குறைகிற நேரத்திலும் கவனம் வேண்டும். லைனின் கடைசி வீடுகளில் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு பல்ப் மங்கினால் தண்ணீர் மோட்டரைப் போடாதீர்கள். குறைந்த வோல்டேஜில் அது கூட மின்னோட்டம் இழுத்துச் சூடாகிச் சுருள் எரிந்துவிடும். தாங்கியைப் பகலிலேயே நிரப்பி, கிணற்றடியில் வாளியும் கயிறும் வையுங்கள். கரண்ட் போனதும் பிரிட்ஜ், மோட்டர், ரீவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு பல்பை மட்டும் விடுங்கள். அது எரிந்து நிலையானதும் ஒவ்வொன்றாகப் போடலாம். பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காவிட்டால் 4 மணித்தியாலம் வரை குளிர் நிற்கும்.

விடிந்ததும் வேலிப் பக்கம் போகிறவர்கள் அறுந்த வயரைக் கண்டால், ஊரில் கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையில் தடியால் தள்ளவோ மாட்டை அவிழ்க்கப் போகவோ வேண்டாம். கம்பி வேலியில் பட்டிருந்தால் வேலி முழுவதும் ஆபத்து. தேங்கிய தண்ணீரும் அப்படித்தான். பிள்ளைகளைத் தூர நிறுத்தி, மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அறிவித்து, ஆட்கள் வரும்வரை யாராவது ஒருவர் பாதையில் காவல் நில்லுங்கள்.